ஒரு சாண் குறைந்த டூபா

என் பிரியமான அத்தானுக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்தவரை அதற்கு அவசியம் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பேண்ட் ஒத்திகையில் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்கள் வீட்டில் சாப்பாடு. அப்புறம் நீங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, எனக்குப் பெண் பார்த்த கதைகளையும் ஒன்றுகூடக் கூடிவராத கதைகளையும் எடுத்துவிட்டு என்னைக் கிண்டல் செய்வீர்கள். இதற்கு மேல் எழுத என்ன இருந்தது?

இப்போது இருக்கிறது. இந்தக் கடிதத்தை நம் சபையின் மாத இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களைப் பற்றி நான் சொன்னது பேண்டில் இருபது பேருக்கு முன்னால் சொன்னது. அது அன்று ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவியும் விட்டது. அதைத் திருப்பி வாங்குவதென்றால் கல்லறைத் தோட்டத்தில் தனியாக நின்று முணுமுணுத்தால் போதாது. ஊர் படிக்க வேண்டும்.

முதலில் ஊர் சேதி. வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. நீங்கள் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் காக்கும் லஸ்கராக இருந்து முப்பது வருசம் கையால் சுற்றித் திறந்த மதகுக்கு இப்போது மோட்டார் வைத்துவிட்டார்கள். பொத்தானை அமுக்கினால் ஷட்டர் தானாக ஏறுகிறது. புதிதாக வந்திருக்கும் ஆள் ஒரு கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டே மறு கையால் அமுக்குகிறார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் சகிக்கவில்லை.

நான் அதே கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில், அதே ஃபிட்டர் வேலையில்தான் இருக்கிறேன். அதே பாளையங்கோட்டை வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துத் திரும்பி வந்து, கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறேன். சாம்பாருக்கு ஒரு ருசி, ரசத்துக்கு வேறு ருசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஏன் அக்காள் வீட்டுக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத்தான் தெரியுமே.

தெரியாதவர்களுக்காக அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். நம் பேண்டில் நீங்கள் டூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவி, நான் அதற்குத் தம்பி மாதிரியான யூபோனியம். உங்களுக்கு வலது பக்க நாற்காலி எனக்கு. இருபத்தாறு வருசமாக அதே இரண்டு நாற்காலிகள்தான். டூபாவின் பெரிய வயிறு உங்களைப் பாதி மறைத்துவிடும். என் பக்கம் தெரிவதெல்லாம் மூன்று வால்வுகளும், அவற்றின்மேல் உங்கள் வலது கை விரல்கள் மூன்றும்தான். இடது கை அந்தப் பக்கம் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அக்காளைக்கூட நீங்கள் இப்படி அணைத்துப் பிடித்திருக்க மாட்டீர்கள் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டீர்கள்.

அந்த வருசம், சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் புதுப் பாட்டு ஒன்று ஒத்திகை பார்த்தோம். அதன் முடிவில் டூபாவுக்கு ஒரு கீழ்ச் சுரம். மூன்று வால்வுகளையும் ஒன்றாக அமுக்கிப் பிடிக்கும் சுரம். அதில் நீங்கள் நின்றபோதெல்லாம் எனக்குப் பல் கூசியது. சுருதி ஏறியிருந்தது. அதற்கு முந்தின மாதங்களிலும் எங்கேயோ இடறியதைக் கவனித்திருந்தேன். பொறுத்துப் பார்த்தேன். அன்று பொறுக்கவில்லை. செல்போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து உங்கள் ஸ்டாண்டில் வைத்து, மறுபடி ஊதச் சொன்னேன். முள் வலது பக்கம் சாய்ந்து நின்றது. அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன்.

"அத்தானுக்குக் காது மந்தமாயிட்டு மாஸ்டர். முள்ளப் பாருங்க, பொய் சொல்லுதா?"

நான் சொன்னது இவ்வளவுதான். சொன்ன விதத்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, அத்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஃபிட்டர் அல்லவா, அளந்து காட்டிவிட்டேன் என்று ஒரு திமிர்.

நீங்கள் டூபாவை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். கோபமே இல்லை முகத்தில்.

"மூணு மடையும் ஒண்ணாத் தொறந்தா கடைசி வயலுக்குத் தண்ணி எட்டாதுல்லா, மாப்ள," என்றீர்கள்.

கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சுருதியைப் பற்றிக் கேட்டால் வாய்க்காலைப் பற்றிப் பேசுகிறாரே என்று நானும் சிரித்தேன். பேண்ட் மாஸ்டர் பதமாகத்தான் சொன்னார், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் அண்ணாச்சி என்று. நீங்கள் அந்த டூபாவைத் துடைத்து, உறை போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். பேண்டில் நீங்கள் ஊதும் பகுதியை ஒரு கீபோர்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நான் சாப்பிட வந்தபோது அக்காள் இலை போட்டாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள்தான் எனக்காக அவளிடமும் அவளுக்காக என்னிடமும் பேசிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு வாரம் அப்படி ஓடியது. மூன்றாவது வாரம் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி நின்றேன். பிறகு நின்றது நின்றதுதான்; கோயிலிலும் ஆராதனை முடிந்ததும் உங்கள் கண்ணில் படாமல் நழுவிவிடுவேன்.

ஏழு மாதம். ஏழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கக் கூடாதா நான்? இரண்டு தடவை வாய்க்கால் பாலம் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறேன். நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்ததைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா?

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை. முகம் கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று எனக்குச் செய்தி வந்தபோது நான் ஒரு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தேன்.

நம் பேண்டில் ஒருவர் இறந்தால் அடக்க ஊர்வலத்தில் அவர் வரிசையில் அவர் இடத்தைக் காலியாக விட்டு நடப்பது வழக்கம் அல்லவா? வீட்டில் இருந்து கோயிலுக்கும் கோயிலில் இருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் நான் நடந்தேன். இடறிவிட்டேன் இரண்டு இடத்தில். இருபத்தாறு வருசம் ஒரு ஆள் அகலத்துக்கு ஒதுங்கியே நடந்து பழகியவனுக்கு நேராக நடக்கத் தெரியவில்லை. பாட்டு மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது, கீழே ஒன்றுமே இல்லை. முள் வைத்துப் பார்த்திருந்தால் எங்கள் சுருதி அன்று சரியாகத்தான் இருந்திருக்கும்.

இனி டூபாவின் கதை. போன மாதம் பேண்ட் கமிட்டியில் புது டூபா வாங்குவது என்று முடிவாயிற்று. பழையதைக் கடைக்காரரிடம் மாற்றுக்குக் கொடுத்துவிடலாம், அது சுருதி கெட்டது என்று பேசினார்கள். அதை உங்கள் வீட்டில் இருந்து எடுத்துவர என்னை அனுப்பினார்கள். அக்காள் உள் அறையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்பாசமுத்திரத்தில் இருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது என்ன அண்ணாச்சி, ஆளைவிடப் பெரிசா இருக்கு என்றார். பக்கத்து சீட்டில் அதை உட்கார வைத்தேன். ஜன்னல் ஓரமாக, நீங்கள் உட்காரும் பக்கம்.

கொடுப்பதற்கு முன்னால் துடைத்துக் கொடுப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் போட்டுப் பிரித்தேன். ஒவ்வொரு வால்வுக்கும் பின்னால் ஒரு குழாய் வளைவு இருக்கிறது அல்லவா? அதில் வெளியே இழுக்கும்படி ஒரு பகுதி உண்டு, ஸ்லைடு என்போம். மூன்றாவது வால்வின் ஸ்லைடு பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. முதல் வால்வின் ஸ்லைடைத் தொட்டேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளைவின் தலையில் விரல் படும் இடத்தில் பித்தளை மெருகு போய்க் குழிந்திருந்தது. உள்ளே போகும் கால்கள் இரண்டிலும் நுண்ணிய கோடுகள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஒரு இயந்திரத்தின் தண்டில் இப்படிக் கோடு விழுந்திருந்தால் அது எவ்வளவு தூரம் போய் வருகிறது என்று நான் நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு. ஸ்கேலை எடுத்து வைத்தேன். அரைச் சாண்.

அப்போதுதான் உங்கள் இடது கை எனக்குத் தெரிந்தது, அத்தான். அது கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இழுத்துக்கொண்டிருந்தது.

பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். நடு வால்வு அரைச் சுரம் இறக்கும். முதல் வால்வு ஒரு முழுச் சுரம், மூன்றாவது ஒன்றரை. வால்வை அமுக்கினால் காற்று நேரே போகாமல் அதன் வளைவைச் சுற்றிக்கொண்டு போகும், குழாய் நீளும், சத்தம் இறங்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது வளைவை வெட்டியவர் டூபாவின் பதினெட்டடிக் குழாய்க்குக் கணக்குப் பார்த்து வெட்டியிருக்கிறார். முதல் வால்வும் சேர்ந்து அமுங்கினால் அது பதினெட்டடி இல்லை, இருபதைத் தாண்டிவிடுகிறது. நீண்டுவிட்ட குழாயை அதே அளவு இறக்க வளைவும் நீள வேண்டும். அது எப்படி நீளும்? வளர்ந்த பிள்ளைக்குப் போன வருசச் சட்டையைப் போட்ட கதைதான். மூன்றையும் ஒன்றாக அமுக்கினால் ஒரு சாண் குறைகிறது. ஊதுகிறவர் யாராக இருந்தாலும், காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சுருதி ஏறத்தான் செய்யும்.

ஸ்லைடை அரைச் சாண் இழுத்தால் காற்று போகும் வழியில் அரை, திரும்பும் வழியில் அரை. ஒரு சாண் சரியாகிவிடும்.

உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தேன். அதே செயலி, அதே முள். இழுக்காமல் ஊதினால் வலது பக்கம் சாய்ந்தது, அன்று சாய்ந்த அதே இடத்துக்கு. இழுத்து ஊதினேன். நடுவில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். அழுதுகொண்டே டூபா ஊதும் ஆளை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

மூன்று மடை, கடைசி வயல். நீங்கள் அன்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த பாஷையில் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இயந்திரம் மக்கர் செய்தால் முதலில் இயந்திரத்தைப் பார் என்று கம்பெனியில் வாய் ஓயாமல் சொல்லுகிறவன் நான், உங்கள் விஷயத்தில் நேரே ஆளைக் குற்றம் சொன்னேன்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. இத்தனை வருசம் இழுத்த கை ஏன் அந்தச் சனிக்கிழமை இழுக்கவில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டூபாவையும் தூக்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கோடுகளைக் காட்டினேன், அரைச் சாணை அளந்து காட்டினேன். அக்காள் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். நான் முடித்ததும், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் என்னிடம் பேசினாள்.

"கடைசி ரெண்டு வருசமா அவியளுக்குச் சட்டை நான்தான் போட்டு விட்டேன். ஷட்டரச் சுத்திச் சுத்தி எடது தோள் செத்துப்போச்சு. கடைசி கொஞ்ச மாசம் தோளுக்கு மேல கை ஏறவே இல்ல."

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னுட்டாவ. வலின்னு தெரிஞ்சா நீ அவியள ஊத விடமாட்டியாம். நான் பேண்டுக்குப் போவாட்டா அந்தப் பய அங்கன யாரு கூட உக்காருவான், ஞாயித்துக்கெழம யாரு கூட நடந்து வருவான், அவனுக்கு வீட்ல யாரு இருக்கான்னு கேட்டாவ."

அன்று சாயங்காலம் வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. சட்டையக் கழத்தி விடச் சொன்னாவ."

அத்தான், தோள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? காது போயிற்று என்று இருபது பேர் சிரிக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்காக மறைத்ததை நானே உங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்ட பிறகும் ஏன் மறைத்தீர்கள்? சொன்னால் நான் எல்லோர் முன்னாலும் குறுகிப்போவேன் என்றா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் உட்கார்ந்து, அந்த ஸ்லைடுக்கு ஒரு லிவர் செய்து மாட்டியிருக்கிறேன். ஒரு வளையம், ஒரு கம்பி, ஒரு கீல், திரும்பி வர ஒரு ஸ்பிரிங். இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு கட்டை விரலால் தள்ளினால் போதும், ஸ்லைடு அரைச் சாண் ஏறி இறங்குகிறது. தோள் அசையவே வேண்டாம். அக்காளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் விரலை வைத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இதச் செய்ய எவ்வளவு நேரமாச்சு?" என்றாள்.

ஒரு மத்தியானம் என்றேன்.

அவள் திரும்ப ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் தட்டு இருந்தது. சாப்பிட்டேன். நீங்கள் இருக்கும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். இப்போது தட்டில் விரல் படும் சத்தம்கூடக் கேட்கிறது. எனக்கு எதிரே உங்கள் இடத்தில் யாரும் உட்காரவில்லை, தண்ணீர்ச் செம்பை மட்டும் அங்கே வைத்திருக்கிறாள்.

லிவர் நன்றாக வேலை செய்கிறது. எனக்கு அது தேவையே இல்லை என்பதுதான் கஷ்டம். என் தோள் நன்றாகத்தான் இருக்கிறது.

கமிட்டி வாங்கப் போகும் டூபாவின் படத்தை மாஸ்டர் செல்போனில் காட்டினார். நாலு வால்வு. நாலாவதை அமுக்கினால் மற்ற வால்வுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி வளைவுகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளுமாம், குறைகிற நீளத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளுமாம். அதாவது உங்கள் இடது கையைச் செய்து உள்ளே வைத்து விற்கிறார்கள். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் பழையது சுருதி கெட்டது என்ற பெயரோடு கடைக்குப் போக நான் விடமாட்டேன். இந்தச் சனிக்கிழமை ஒத்திகையில் அதே செயலியை அதே ஸ்டாண்டில் வைப்பேன். இழுக்காமல் ஒரு தடவை, இழுத்து ஒரு தடவை ஊதிக் காட்டுவேன். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். அவர்களோடு சேர்ந்து சிரித்த நானும்தான்.

அடுத்த மாதம் உங்களுக்கு முதல் வருச நினைவு ஆராதனை. அன்றைக்கு நான் யூபோனியம் ஊதப் போவதில்லை. உங்கள் நாற்காலியில் டூபாவோடு உட்காரப் போகிறேன். எனக்கு வலது பக்கத்தில் என் பழைய நாற்காலி காலியாகக் கிடக்கும். கிடக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. பாட்டின் முடிவில் அந்தக் கீழ்ச் சுரம் வரும்போது லிவரைத் தொட மாட்டேன், அத்தான். இது சத்தியம். உங்களுக்கு வலித்த அதே இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கும்படி, அரைச் சாண் இழுப்பேன்.

உங்கள் வலது பக்கத்திலேயே இருந்தும் உங்கள் இடது கையைப் பாராத,
உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் மாப்ள
ஜெபராஜ்